ஏழு மட்டும் எண்ணுதல்

பதவி உயர்வுக் கடிதத்தோடு
ஒரு சாவிக்கொத்தும் கண்ணாடி அறையும் தந்தார்கள்.
அங்கிருந்து பார்த்தால்
கிராண்ட்பாஸ் கொடவுனின் ஐந்து கதவுகளும் தெரியும்,
ஆட்களின் உச்சந்தலை தெரியும்.

கொள்ளுப்பிட்டி ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி.
கண்ணைக் கட்டி, பின்னால் நிற்பவர் கையில் விழச் சொன்னார்கள்.
விழுந்தேன். பிடித்தார்கள்.
மத்தியானம் புரியாணி.
சான்றிதழைச் சட்டம் போட்டு
தடுப்பூசி வரவுப் பட்டியலுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

முதல் மூன்று மாதமும் உரத்துக் கதைத்தேன்.
கூட்டத்தில் கேள்வி கேட்டு
விடையையும் நானே சொன்னேன்.
தலையாட்டினார்கள்.
அதைச் சம்மதம் என்று குறிப்பேட்டில் பதிந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் லக்சிறி வந்து நின்றார்,
தொப்பியைக் கைக்குள் சுருட்டியபடி.
மூன்றாம் குளிரறைக் கதவின் ரப்பர்
கீழ்மூலையில் விட்டிருக்கு என்றார்,
பாதி சிங்களம், எனக்காகப் பாதி தமிழ்.
கணினியிலிருந்து நான் கண்ணெடுக்கவில்லை.
"எழுதித் தாங்கோ."
எழுதுவது அவருக்கு எவ்வளவு தூரம் என்று
எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

பதினொரு நாள்.
பிறகு போயாவோடு சேர்ந்த நீண்ட விடுமுறை.
திங்கள் காலை வெப்பமானியில் பதினேழு.
நாற்பது பெட்டி.
தடுப்பூசி மருந்து கெட்டால் மணப்பதில்லை,
நிறமும் மாறாது.
ஏதோ ஒரு குழந்தையின் தொடைக்குள் போகுமுன்
வெறும் தண்ணீராகிவிடுகிறது.

அலாரம் அடித்துத்தான் இருக்கிறது.
சும்மா சும்மா அடிக்குது என்று
யாரோ எப்போதோ சத்தத்தைக் குறைத்திருந்தார்கள்.
அதுவும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது,
என்னைத் தவிர.

டைரக்டர் வந்தார். கேட்டது ஒரே சொல்:
"யார்?"
அன்றிரவு முறை யசோமிக்கு.
இருபத்திரண்டு வயது,
சப்பாத்து நுனியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
என்னிடம் ஒரு வசனம் தயாராக இருந்தது:
எழுத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.
உண்மைதான்.
ஒரு முழு ஆள் ஒளிந்துகொள்ளக்கூடிய
அளவு பெரிய உண்மை.

"ஏக மகே வெரத்த" என்றேன்.
உச்சரிப்புச் சரியோ தெரியாது.
பிறகு தமிழில். பிறகு டைரக்டருக்காக இங்கிலீஷில்.
என் பிழை, என் பிழை என்று
மூன்று மொழியிலும் அது சின்ன வசனமாகத்தான் இருந்தது.

யாரும் கை தட்டவில்லை.
அந்த வருடச் சம்பள உயர்வு போனது.
லக்சிறி இரண்டு கிழமை என் முகம் பார்க்கவில்லை;
ரப்பரை மாற்றியபோது
பழையதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
அது இப்போதும் லாச்சிக்குள் கிடக்கிறது.

மேசையை லொறி ஏற்றும் இடத்துக்கு இறக்கினேன்.
டீசல் புகை, மாலுபான் கடதாசி,
நாலு மணிக்கு களனி ஆற்றுப் பக்கமிருந்து வரும் ஒரு நாற்றம்.
நான் வந்ததும் பேச்சு நின்றது.
நிற்கட்டும் என்று இருந்தேன்.
கேள்வி கேட்டால் இப்போது
மனதுக்குள் ஏழு மட்டும் எண்ணுவேன்.
மூன்றில் எனக்கு நாக்கு அரிக்கும்.
ஐந்தில் யாராவது இருமுவார்கள்.
ஆறில் மொஹிதீன் பாவா தொண்டையைச் செருமி,
"மிஸ், ஒரு விசயம்..." என்பார்,
அது பெரும்பாலும் நல்ல விசயமாக இராது.

சில நாள் எண்ணிக்கை
இரண்டிலேயே அறுந்துபோகும்.
நேற்றும் புதுப் பையன் ஒருவனிடம் கத்தினேன்,
பிழை லொறிக்காரன் மேல் என்று பிறகு தெரிந்தது.
இன்றைக்கு அவனைத் தேடிப் போனேன்.
லீவு என்றார்கள்.

வெள்ளவத்தையில் மழை.
இரவு இரண்டே முக்காலுக்குத் தொலைபேசி.
யசோமி, மூச்சு வாங்க:
ஏதோ பிழை செய்துவிட்டாளாம்,
இன்னும் ஒருத்தருக்கும் தெரியாதாம்.

இருட்டில் எழுந்து உட்கார்ந்தேன்.
இவ்வளவு சந்தோசமாக
ஒரு கெட்ட செய்தியை நான் கேட்டதில்லை.
"சொல்லுங்கோ" என்றேன்,
காலால் செருப்பைத் தேடிக்கொண்டு.